‘மைனர்’ வந்த வழி

சங்கரன்கோவில், சிவகிரிப் பக்கம் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, தடித்த செயின் தெரியத் திரிகிறவரை ‘மைனர் வாராரு’ என்பார்கள். அந்தச் செயினுக்கே மைனர் செயின் என்று பெயர். வயது நிரம்பாதவனைக் குறிக்கும் சட்டச் சொல், நாற்பது வயதுக்காரருக்கு எப்படிப் பட்டமானது?

ஜமீன் வீட்டுக் கணக்கில்தான் விடை இருக்கிறது. ஜமீன்தார் இறந்து வாரிசு சிறுவனாக இருந்தால், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு அமைப்பு ஜமீனை ஏற்றுக்கொள்ளும். வசூல், கடன், வழக்கு எல்லாம் அதிகாரிகள் கையில். பையனுக்குப் படிப்பும் செலவுக்குப் பணமும். 1875ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக 18 வயதை வைத்தது. இந்த நிர்வாகத்தில் இருந்தவர்களுக்கோ 21. சொல்லின் பொருளைத் திருப்பியது அந்த மூன்று வருடம்தான் என்பது என் துணிபு. மீசை முளைத்து, துப்பாக்கி பழகி, கையில் காசும் புழங்கும் வாலிபன். ஆனால் பொறுப்பு ஒன்றும் கிடையாது. ஊர் பார்த்த ‘மைனர்’ இவன்தான்.

பொறுப்பு வந்தாலோ, அது கடனோடு வந்தது. சிவகிரி ஜமீன் வழக்கில், தகப்பனார் பட்ட கடனுக்கு மகன் கைக்கு வந்த ஜமீன் கட்டுப்பட்டது என்று 1882இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

சென்னை தேனாம்பேட்டையில் இத்தகைய வாரிசுகள் தங்கிப் படித்த நியூயிங்டன் மாளிகையை ‘மைனர் பங்களா’ என்றே அழைத்தார்கள். 1919 அக்டோபர் 15 இரவு, அதன் முதல்வர் கிளெமென்ட் டி லா ஹே தூக்கத்திலேயே சுடப்பட்டு இறந்தார். சந்தேகம் அவரிடம் படித்த நெல்லைச் சீமை மைனர்கள் இருவர்மேல் விழுந்தது. கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகளான அந்த இருவரில் ஒருவர் அப்ரூவர் ஆனார். மற்றவர் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வழக்கைச் சென்னையில் நடத்தாமல் பம்பாய்க்கு மாற்றினார்கள். அங்கே அவர் விடுதலையானார். சுட்டது யார் என்பது இன்றுவரை தீராத புதிர். வழக்குச் செலவில் நொடித்துப்போனதால்தான் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலைக் காட்டைத் தேயிலைக் கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்டது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன்கள் போயின. பாதுகாக்க ஜமீனும் இல்லை, காத்திருக்க 21 வயதும் இல்லை. அதன்பிறகு அந்தப் பெயருக்கு வம்சம் தேவைப்படவில்லை; அப்பன் சொத்தில் உலாவும் எவருக்கும் அது பொருந்தியது.