பேச மறுத்த அட்டை
லினக்ஸில் வயர்லெஸ் இயங்கத் தொடங்கிய வரலாறு

பழைய மடிக்கணிப்பொறி ஒன்றில் நீங்கள் முதன்முதலாக லினக்ஸை நிறுவுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரை ஒளிர்கிறது, விசைப்பலகை இயங்குகிறது, பாட்டும் கேட்கிறது. வயர்லெஸ் இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. நேற்றுவரை விண்டோஸில் ஒழுங்காக இயங்கிய அட்டை இன்று ஏன் பேச மறுக்கிறது? "நமக்குத்தான் கணிப்பொறி வரவில்லை போலும்" என்று புதியவர்கள் பலர் தம்மையே நொந்துகொள்வதுண்டு. பெரும்பாலும் குற்றம் அவர்களுடையது அன்று. அதன் காரணத்தை அறிய, முதலில் அட்டைக்குள் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

அட்டைக்குள் ஒரு வானொலி நிலையம்

வயர்லெஸ் அட்டை உண்மையில் ஒரு சிறிய வானொலி நிலையமே. அலைபரப்பியும் அலையேற்பியும் அதில் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் முதல் தடத்தின் மைய அதிர்வெண் 2412 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறத்தாழ 12.4 செ.மீ. அடுத்த தடம் 2417, அதற்கடுத்தது 2422. எந்தத் தடத்தில் பேசுவது, எவ்வளவு திறனுடன் அலையை அனுப்புவது என்பவற்றையெல்லாம், ரெஜிஸ்டர் எனப்படும் சிறு அறைகளில் எண்களாக எழுதி அட்டைக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர்.

இத்துடன், அட்டைக்குள்ளேயே ஒரு சிறு செயலி இருப்பதுண்டு. அது பின்பற்ற வேண்டிய கட்டளைத் தொகுப்பு ஃபெர்ம்வேர் எனப்படும். பல அட்டைகளில் இது நிலையாகப் பதிக்கப்பட்டிருப்பதில்லை. மின்சாரம் பாயும் ஒவ்வொரு முறையும் கணிப்பொறிதான் அதை அட்டைக்குள் ஏற்ற வேண்டும்.

ஆகவே டிரைவர் எழுத விரும்புபவருக்கு ஒரு பட்டியல் தேவை. எந்த அறையில் எந்த எண்ணை எழுதினால் என்ன நிகழும் என்பதே அப்பட்டியல். அது யாரிடம் இருக்கிறது? அட்டையைச் செய்த நிறுவனத்திடம்.

பட்டியலைத் தர மறுத்த காலம்

1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். வயர்லெஸ் வலையமைப்புக்கான 802.11 என்னும் தரநிலை 1997இல் வந்தது. அப்போது அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அது 1999இல் 11 ஆகவும், 2003இல் 54 ஆகவும் உயர்ந்தது. மடிக்கணிப்பொறிகளில் இந்த அட்டைகள் பரவலாயின.

ஆனால் நிறுவனங்கள் பல, விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் கொடுத்துவிட்டு, பட்டியலை வெளியிட மறுத்தன. தொழில் இரகசியம் ஒரு காரணம். அதிர்வெண்ணையும் திறனையும் மென்பொருளே தீர்மானிப்பதால், விவரத்தை வெளியிட்டால் பயனாளர்கள் வானொலி விதிகளை மீறக்கூடும் என்பது சில நிறுவனங்கள் கூறிய மற்றொரு காரணம்.

பிராட்காம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சில்லுகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவை ஏராளமான கணிப்பொறிகளில் இருந்தன. லினக்ஸில் அவற்றை இயக்க என்டிஐஎஸ்ராப்பர் என்னும் தற்காலிக வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து, அது விண்டோஸில் இருப்பதாகவே நம்பவைக்கும் உத்தி இது. பலருக்கு இது கைகொடுத்தது. ஆனால் அந்த டிரைவரில் பிழை இருந்தால் திருத்த முடியாது. அந்நாளைய ஆப்பிள் கணிப்பொறிகளில் இருந்த பவர்பிசி செயலிக்கோ அந்த டிரைவர் புரியவே புரியாது.

இரு குழுக்களின் உழைப்பு

இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்களிடம் ஒரு மூடிய பெட்டியைக் கொடுப்போம். வெளியே இரண்டு முனைகள் மட்டும் தெரியும். உள்ளே இருப்பது மின்தடையா, மின்தேக்கியா, டையோடா என்று பெட்டியைத் திறக்காமலே கண்டுபிடிக்க வேண்டும். தன்னார்வ நிரலர்கள் சிலர் பிராட்காம் சில்லை இத்தகைய பெட்டியாகவே கருதினார்கள்.

அவர்கள் இரு குழுக்களாகப் பிரிந்தார்கள். முதற்குழு, நிறுவனத்தின் டிரைவரை அதன் இயந்திர மொழியில் ஆராய்ந்து, சில்லு நடந்துகொள்ளும் முறையைச் சாதாரண மொழியில் குறிப்புகளாக எழுதியது. இரண்டாம் குழு அந்த டிரைவரைப் பார்க்கவே இல்லை. குறிப்புகளை மட்டும் படித்துப் புதிய டிரைவரை எழுதியது. ஏன் இந்தச் சுற்றுவழி? பிறர் எழுதிய நிரலை நகலெடுப்பது பதிப்புரிமைக்கு மாறானது. ஒரு பொறி எப்படி இயங்குகிறது என்ற உண்மைக்கோ பதிப்புரிமை கிடையாது. 2005 டிசம்பரில் இந்த டிரைவர் அறிவிக்கப்பட்டது. 2006 ஜூனில் வந்த 2.6.17 பதிப்பு முதல் அது லினக்ஸின் பகுதியாயிற்று.

ஆயினும் ஒரு முடிச்சு அவிழவில்லை. ஃபெர்ம்வேர் நிறுவனத்தின் சொத்து. அதைப் பிறர் விநியோகிக்க இயலாது. பயனாளரே நிறுவனத்தின் டிரைவர் கோப்பைப் பெற்று, அதிலிருந்து ஃபெர்ம்வேரை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கென ஒரு கருவி நிரலும் எழுதப்பட்டது. ஆனால் கோப்பைப் பெற இணையம் வேண்டும். இணையம் பெறக் கோப்பு வேண்டும்! 'கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும்' என்ற பழமொழியின் கதைதான். புதியவர்களைத் திகைக்க வைத்தது இந்த முடிச்சே.

மனமாற்றம்

மெல்ல மெல்ல நிறுவனங்களும் மாறின. இன்டெல் 2004இல் தன் அட்டைகளுக்குத் திறந்த மூலநிரல் டிரைவரை வளர்க்கத் தொடங்கியது. அதெராஸ் 2008இல் ஏடிஎச்9கே என்ற டிரைவரை வெளியிட்டது. 2010 செப்டம்பரில் பிராட்காமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரைத் தந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டைப் பேணுபவர்கள், விநியோகிக்க அனுமதியுள்ள ஃபெர்ம்வேர்களை நிறுவல் தட்டிலேயே சேர்ப்பதென 2022இல் வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். 2023இல் வந்த 12ஆம் பதிப்பு அவ்வாறே வெளியாயிற்று.

எனவே இன்று பெரும்பாலான அட்டைகள் தாமாகவே இயங்கும். உங்கள் அட்டை பேச மறுத்தால், முதலில் எல்எஸ்பிசிஐ என்னும் கட்டளையைக் கொடுத்து அது யார் செய்த சில்லு என்று அறியுங்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. இன்டெலின் எண், அதன் புகழ்பெற்ற செயலியின் பெயரான 8086! பழைய பிராட்காம் சில்லு என்று தெரிந்தால், கம்பிவழி இணைப்பைப் பயன்படுத்தியோ, வேறு கணிப்பொறியில் பெற்றுப் பென்டிரைவில் கொண்டுவந்தோ ஃபெர்ம்வேரைச் சேர்த்துவிடலாம்.

அட்டை இயங்கி, திரையில் வலையமைப்புகளின் பெயர்கள் தோன்றும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்படி இயங்குகிறது என்று அறிய வாங்கியவருக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்வியை வாதாடித் தீர்க்க அந்த நிரலர்கள் காத்திருக்கவில்லை. இயற்கையிடம் அறிவியலார் கேட்பதைப் போல, அவர்கள் சில்லிடமே கேட்டார்கள், பொறுமையாகக் கேட்டார்கள், கிடைத்த விடையை எல்லோருக்கும் எழுதி வைத்தார்கள்.