நட்சத்திர மீனும் குன்றிமணியும்

1881 மே மாதம், பாரிஸை அடுத்த பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் லூயி பாஸ்டர் ஒரு மந்தையில் பாதி ஆடுகளுக்கு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி போட்டார். பிறகு மொத்த மந்தைக்கும் வீரியமுள்ள கிருமியைச் செலுத்தினார். தடுப்பூசி போடாத ஆடுகள் மடிந்தன. போட்டவை பிழைத்து நின்றன. தடுப்பூசி பலிக்கும் என்று ஊரும் உலகமும் ஒப்புக்கொண்டன. ஆனால் அது ஏன் பலிக்கிறது என்பதற்குப் பாஸ்டரிடமே சரியான விடை இல்லை. ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்த வயல் சத்திழப்பதைப் போல, ஒருமுறை கிருமி மேய்ந்த உடலில் அதற்கு வேண்டிய இரை தீர்ந்துபோகிறது என்பது அவருடைய யூகம். உடல் வெறும் நிலம், தானாக எதுவும் செய்வதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். இந்த எண்ணத்தை இரண்டு அணியினர் உடைத்தார்கள். உடைத்த கையோடு தங்களுக்குள் கால் நூற்றாண்டு மோதிக்கொண்டார்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களே உடலைக் காக்கின்றன என்றது ஒரு தரப்பு. அணுக்களை நீக்கிய பிறகு எஞ்சும் தெளிந்த சீரத்தில் இருக்கும் பொருளே காக்கிறது என்றது மறுதரப்பு. அந்தப் பொருளுக்குத்தான் பின்னாளில் எதிர்ப்புரதம் என்று பெயர் வைத்தோம். இந்தச் சண்டையை பிரான்ஸ்–ஜெர்மனி பகையின் ஒரு கிளைக்கதையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. எந்த உயிரை, எந்த நோயை ஆய்வுக்கு எடுத்தார்களோ, அதுவே அவரவர் விடையைத் தீர்மானித்தது என்பதே என் கட்சி.

இலியா மெச்னிகாஃப் மருத்துவர் அல்லர், விலங்கியல் அறிஞர். 1845இல் கார்கிவ் பகுதியில் பிறந்தவர். 1882இல் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கி, நட்சத்திர மீனின் இளம்பருவ உயிரிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றின் உடல் கண்ணாடி போன்றது. அறுக்காமல், கொல்லாமல், உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். ரோஜாச் செடியின் முள்ளை அந்த உடலுக்குள் செருகிவைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி, ஊர்ந்து திரியும் செல்கள் மொய்த்திருந்தன. காயம் சிவந்து வீங்குவது ரத்தக்குழாய்களில் ஏற்படும் கோளாறு என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. இந்த உயிரிக்கோ ரத்தக்குழாயே கிடையாது. அப்படியானால் செல்கள் தாமாகவேதான் வந்திருக்க வேண்டும். 1884இல் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளில் இன்னொரு சான்று கிடைத்தது. ஊசிபோன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடலைத் துளைத்து உள்ளே வரும்போது செல்கள் அவற்றைச் சூழ்ந்து விழுங்கிச் செரித்தன. செரித்துவிட்டால் தெள்ளு பிழைத்தது. வித்துகள் தப்பிப் பெருகிவிட்டால் செத்தது. சீழில் இருக்கும் வெள்ளை அணுக்களுக்குள் கிருமிகள் காணப்படுவது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். ஆனால் அந்த அணுக்கள் கிருமியை உடலெங்கும் சுமந்து பரப்பும் வாகனங்கள் என்றே நோய்க்குறியியலாளர்கள் எண்ணினார்கள். அதே காட்சியைத் தலைகீழாக வாசிக்கும் துணிவை மெச்னிகாஃபுக்குக் கொடுத்தது அந்தக் கண்ணாடி உடல். ஒன்றை மறைத்ததும் அதுவேதான். எதிர்ப்புரதம் முதுகெலும்புள்ள உயிர்களில் மட்டுமே உண்டு. நட்சத்திர மீனில் இல்லை. பாதி விடை மட்டுமே இருக்கிற ஓர் உயிரிடம் அவர் முழுக் கேள்வியைக் கேட்டார். அன்று இதை அறிய அவருக்கு எந்த வழியும் இருக்கவில்லை.

பெர்லினில் கிருமி ஆய்வாளர் கோஹ்வின் ஆய்வகத்தில் எமில் பேரிங்கும் ஜப்பானியரான கிட்டாசாட்டோவும் எடுத்துக்கொண்டவை தொண்டை அடைப்பானும் ரண ஜன்னியும். இவை வேறு ஜாதி நோய்கள். தொண்டை அடைப்பானில் கிருமி தொண்டையிலேயே தங்கிவிடும். இதயத்தையும் நரம்பையும் தாக்குவது அது கக்கும் நஞ்சு. கிருமியை வடிகட்டி நீக்கிய நீரே விலங்குகளைக் கொல்லும் என்று பாரிஸில் ரூவும் யெர்சினும் 1888இல் காட்டியிருந்தார்கள். விழுங்குவதற்குக் கிருமியே இல்லாத இடத்தில் விழுங்கும் அணு என்ன செய்யும்? 1890 டிசம்பரில், நோயை வென்ற விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பிழைக்கிறது என்று பேரிங்கும் கிட்டாசாட்டோவும் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பவுல் ஏர்லிஹ் நமக்கு நன்கு தெரிந்த இரண்டு விதைகளைக் கையில் எடுத்தார். ஒன்று ஆமணக்கு. மற்றது, நம் ஊர்த் தட்டார்கள் பொன் நிறுக்க வைத்திருந்த குன்றிமணி. இரண்டிலும் கொடிய நஞ்சு உண்டு. எலிகளுக்கு அதைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்தபோது, சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் பல மடங்கை அவை தாங்கின. ஆனால் ஆமணக்கு நஞ்சுக்குப் பழகிய எலி குன்றிமணி நஞ்சுக்குப் பலியானது. ஒவ்வொரு நஞ்சுக்கும் சீரத்தில் தனித்தனி மாற்று உருவாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்று இல்லை. அழகான சோதனைதான். ஆனால் இதில் கிருமியே இல்லை. வெள்ளை அணுவின் வேலையைக் காண அந்தச் சோதனையில் இடமே வைக்கப்படவில்லை.

பகை காரணம் இல்லையா என்று கேட்கலாம். 1870–71 போரின் கசப்பு இரு தலைநகரங்களிலும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அணி பிரிந்தது எல்லைக்கோட்டின்படி அல்ல. மெச்னிகாஃபின் நீர்த்தெள்ளுக் கட்டுரையை வெளியிட்டது பெர்லினில் நோய்க்குறியியலாளர் ஃபிர்கோவ் நடத்திய இதழ். தொண்டை அடைப்பானுக்குக் குதிரைச் சீரத்தைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்து, 1894இல் புடாபெஸ்ட் மாநாட்டில் முடிவை அறிவித்தவர் ரூ. பின்னாளில் பாரிஸுக்கு வந்துவிட்ட மெச்னிகாஃபோடு ஒரே நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். இவற்றையெல்லாம்விட வலுவான சான்று ஜூல் போர்டே. மெச்னிகாஃபின் சொந்த ஆய்வகத்தில் வேலை செய்த இந்த பெல்ஜிய இளைஞர், சீரத்துக்குள் இரண்டு பொருள்கள் சேர்ந்து கிருமியைக் கரைக்கின்றன என்று 1895இல் காட்டினார். ஒன்று சூட்டில் அழிவது, எல்லா ரத்தத்திலும் இருப்பது. மற்றது சூடு தாங்குவது, குறிப்பிட்ட கிருமிக்கென்றே உண்டாவது. குருவின் கட்சிக்கு எதிரான ஆயுதம் அவர் வீட்டிலேயே வடிக்கப்பட்டது. அது வெளிவருவதை மெச்னிகாஃப் தடுக்கவில்லை. அவரை நான் மதிப்பதற்கு முள் சோதனையைவிட இது பெரிய காரணம்.

அதே ஆண்டு லூவேன் நகரில் டெனி, லெக்லெஃப் என்ற இருவர் வேறொன்றைக் கவனித்தார்கள். நோயெதிர்ப்புப் பெற்ற முயலின் சீரத்தைச் சேர்த்தால் வெள்ளை அணுக்கள் கிருமியை இன்னும் ஆவலாக விழுங்கின. லண்டனில் ஆல்ம்ரோத் ரைட்டும் டக்ளஸும் 1903இல் இதை அளந்து காட்டி, சீரத்திலுள்ள அந்தப் பொருளுக்கு ஆப்சோனின் என்று பெயரிட்டார்கள். உண்பதற்குப் பக்குவம் செய்வது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. கிருமியின் மேல் எதிர்ப்புரதம் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டலை அடையாளம் கண்டு வெள்ளை அணு விழுங்குகிறது. அணுவை நீக்கிப் பார்த்தவர்களுக்கும் சீரத்தைக் கணக்கில் எடுக்காதவர்களுக்கும் தெரியாத இந்தக் கூட்டுவேலை, இரண்டையும் ஒரே குழாயில் விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. சீரம் குழந்தைகளைக் காப்பாற்றியது. விழுங்கும் அணுவால் எந்த நோயாளி எழுந்து நடந்தார்? ரூவின் மருத்துவமனைக் கணக்கில் பாதிக்கு மேல் இருந்த இறப்பு ஏறத்தாழ கால் பங்காகக் குறைந்தது. பிள்ளையைத் தொண்டை அடைப்பானுக்குக் கொடுத்த தாய்மார்களின் காலத்தில் இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது எளிதல்ல. ஆனால் இது சிகிச்சையின் வெற்றி. உடல் எப்படி இயங்குகிறது என்பதற்கு முழு விளக்கம் ஆகாது. காசநோயில் சீரக் கட்சி தடுமாறியது. காசக் கிருமி, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே குடியிருக்கும். எதிர்ப்புரதம் அங்கே எட்டாது. 1945இல் நியூயார்க்கில் மெரில் சேஸ், காசக் கிருமிப் பொருளுக்கு ஒரு கினிப் பன்றியின் தோல் காட்டும் எதிர்வினையை இன்னொன்றுக்கு மாற்றிக்காட்டினார். மாற்றியது சீரம் அல்ல, வெள்ளை அணுக்கள்.

1908இல் நோபல் குழு மெச்னிகாஃபுக்கும் ஏர்லிஹுக்கும் பரிசைப் பகிர்ந்து கொடுத்தது. வழக்கு அதோடு தீர்ந்தது என்பாரும் உண்டு. இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியது சரிதான். ஆனால் எதிர்ப்புரதம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே கிடந்தது. ஏர்லிஹ் 1915இலும், மெச்னிகாஃப் 1916இலும், பேரிங் 1917இலும் இறந்தார்கள். விடை 1948இல் ஸ்டாக்ஹோமில் ஆஸ்ட்ரிட் ஃபாக்ரேயுஸ் என்ற பெண்ணின் ஆய்வில் வந்தது: அதைச் சுரப்பவை பிளாஸ்மா செல்கள். வெள்ளை அணுக்களில் ஒருவகையான லிம்போசைட்டுகளிலிருந்தே அவை பிறக்கின்றன என்பது பின்னர் உறுதியானது.

ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்த பிரிவினையை இயற்கையே சில குழந்தைகளிடம் செய்திருந்தது. 1952இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். நிமோனியாக் கிருமி அவன் ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பரவியது. சோதித்தால், எதிர்ப்புரதங்கள் அடங்கிய காமா குளோபுலின் அவன் ரத்தத்தில் காணவே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததை மாதந்தோறும் ஊசியாகப் போட்டதும் நோய் விலகியது. அதே பத்தாண்டில் வேறு சில பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கு எதிர்ப்புரதம் ஏராளம், ஆனால் சீழ்க்கட்டிகள் ஆறவில்லை. அவர்களுடைய வெள்ளை அணுக்கள் கிருமியைச் சரியாகவே விழுங்கின. விழுங்கியதைக் கொல்லத்தான் முடியவில்லை என்று மினசோட்டாவில் 1960களில் கண்டார்கள். அணுவின் உள்ளே கிருமி உயிரோடு இருந்தது.