குகை, தீவு, ஒரு நாற்பது பக்க நோட்டு

வீடியோ கேம் என்றால் துப்பாக்கியும் கார் பந்தயமும்தான் என்று நினைப்பவர்களுக்கு இன்று வேறொரு வம்சாவளியைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். இந்த வகையில் சுடுவதற்கு ஆள் கிடையாது. ஒரு பெரிய இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். 'ஓப்பன் வேர்ல்ட் பசில்' என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். இதன் ஐம்பது வருட சரித்திரத்தில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. சாவி எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆடுகிறவனின் கையிலிருந்து மண்டைக்குள் போனது என்பது. இருபது வருடமாக வங்கிச் சாவிக்கொத்தோடு திரிகிறவனுக்கு அது பிடிக்காமல் இருக்குமா? :-)

கதை ஒரு நிஜக் குகையில் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் மாமத் குகைதான் உலகில் இதுவரை அளந்தவற்றிலேயே நீளமானது, 650 கிலோமீட்டருக்கும் மேல். பக்கத்திலேயே ஃபிளிண்ட் ரிட்ஜ் என்று இன்னொரு குகைத் தொகுதி. இரண்டும் பூமிக்கடியில் எங்கோ சேருகின்றன என்று வெகுநாள் சந்தேகம். 1972 செப்டம்பர் 9-ஆம் தேதி ஆறு பேர் சேற்றிலும் தண்ணீரிலும் போய் அந்த இணைப்பைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பட்ரீஷியா கிரௌதர். அவரும் கணவர் வில் கிரௌதரும், குகைக்குள் அளந்துகொண்டு வந்த எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வரைபடம் போட்டவர்கள்.

வில் கிரௌதர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட்டில் தகவலை இடம் விட்டு இடம் அனுப்பும் இயந்திரங்களுக்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர். எழுபதுகளின் நடுவில் தம்பதி பிரிந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள். தன்னைப் பார்க்க வரும்போது பிள்ளைகள் ஆடட்டும் என்று அவர் ஃபோர்ட்ரானில் எழுதியதுதான் 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்'. அது 1976 வாக்கில். படம் கிடையாது, வெறும் எழுத்து. நீங்கள் இன்ன இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் வரும். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்கிற மாதிரி நாம் இரண்டு வார்த்தை தட்ட வேண்டும்.

தனக்குத் தெரிந்த குகையையே அவர் உள்ளே வைத்துவிட்டார். பிற்பாடு 2005-ல் அந்த மூல நிரல் ஒரு பழைய கணக்கின் சேமிப்பிலிருந்து கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்ற ஆய்வாளர் அதை நிஜக் குகையோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்து 2007-ல் கட்டுரை வெளியிட்டார். குகை வாசலின் இரும்புக் கிராதி வரை பொருந்துகிறது! விளையாட்டை ஆடியிருந்த ஒருவர் முதல்முறை அந்தக் குகைக்குள் இறங்கியபோது, பழகிய தெருவில் போகிறவர் மாதிரி வழி சொன்னார் என்றும் ஒரு குறிப்பு உண்டு.

அடுத்து டான் வுட்ஸ் வருகிறார். ஸ்டான்ஃபோர்டில் மாணவர். யாரோ போட்டு வைத்த இந்த நிரலைப் பார்த்து, இதை விரிவாக்க அனுமதி வேண்டும் என்று ஆசைப்பட்டார். கிரௌதர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. வலையில் அன்று இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 'கிரௌதர்' என்ற பெயருக்கு ஒரு மின்னஞ்சல் தட்டிவிட்டார். பதில் வந்தது! (இன்று அப்படிச் செய்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள்.) 1977-ல் வுட்ஸின் விரிவாக்கப்பட்ட பதிப்பு வெளியே பரவியது. மொத்தம் 350 புள்ளி. 349 எடுத்துவிட்டு, கடைசி ஒரு புள்ளி எங்கே என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். குகைக்குள் கிடக்கும் ஒரு பத்திரிகையைக் கொண்டுபோய்க் குறிப்பிட்ட ஒரு முட்டுச்சந்தில் போட வேண்டும், அதற்குத்தான் அந்த ஒரு புள்ளி. ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி ஒன்பது மணி வரை லெட்ஜர் புரட்டிய ஆட்களுக்கு இந்த வலி தெரியும்.

குகைக்குள் ஒரு புதிர்ப்பாதையும் உண்டு. எந்த அறைக்குப் போனாலும் திரையில் ஒரே வர்ணனை. எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. வழி என்னவென்றால், கையில் இருக்கும் சாமான்களை அறைக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். விளக்கு கிடந்தால் இந்த அறை, சாவி கிடந்தால் அந்த அறை. பிறகு காகிதத்தில் கோடு போட்டு இணைக்க வேண்டும். கிரௌதர் குடும்பம் நிஜக் குகையில் செய்த அதே வேலைதான், அளப்பதும் குறிப்பதும் வரைவதும்.

இதைப் பார்த்து எம்.ஐ.டி.யில் நாலு பேர் 'ஸோர்க்' எழுதினார்கள். அதிலிருந்து 1979-ல் இன்ஃபோகாம் என்ற கம்பெனி பிறந்தது. விற்பனை பெருகியதும், 'மாட்டிக்கொண்டேன், காப்பாற்றுங்கள்' என்று கடிதங்களும் பெருகின. அதற்கு அவர்கள் கொண்டுவந்த வைத்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 'இன்விசிக்ளூஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம். கேள்வி மட்டும் கண்ணுக்குத் தெரியும். பதில் மாயமையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் ஒரு வரி தெரியும். முதல் வரி லேசான சாடை, அடுத்தது கொஞ்சம் பச்சையாக, கடைசி வரிதான் முழு விடை. எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம். சும்மா புரட்டுகிறவர்களைக் குழப்ப, விளையாட்டிலேயே இல்லாத விஷயங்களைப் பற்றியும் நடுநடுவே பொய்க் கேள்விகள்!

எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று கேட்கலாம். டிரயல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் என்ன செய்வோம்? வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கலாம், இரண்டால் வகுத்த தொகை ஏதாவது பதிவில் இருந்தால் அது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கலாம், இப்படி மோப்பம் பிடித்துப் போவோம். அதெல்லாம் முடியாது என்கிறவர் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். கணக்கு நேராகிவிடும், தப்பு அங்கேயேதான் இருக்கும். விடையைப் பார்த்து ஆடுவதும் இதேதான். இன்விசிக்ளூஸ் அப்படியில்லை. பக்கத்து சீட்டுக்காரர் 'சப்ளிமெண்டரியைப் பாருங்க சார்' என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரி.

இனி தீவுக்கு வருவோம். 1993 செப்டம்பரில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் 'மிஸ்ட்' வெளியிட்டார்கள். அதற்கு முன் குழந்தைகளுக்கான மென்பொருள் செய்துகொண்டிருந்தவர்கள். மேக் கம்ப்யூட்டரில் ஹைப்பர்கார்டு என்ற, அட்டைகளை அடுக்குகிற மாதிரியான நிரலை வைத்தே முழுத் தீவையும் கட்டினார்கள். முன்கூட்டியே வரைந்து வைத்த சுமார் 2,500 படங்கள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவ வேண்டியது. சி.டி. டிரைவ் அப்போதுதான் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த காலம். அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும் வரை அதிகம் விற்ற கம்ப்யூட்டர் விளையாட்டு இதுதான்.

பெட்டியில் வட்டோடு ஒரு வெற்று நோட்டும் இருந்தது. மில்லர்கள் என்ன எதிர்பார்த்தார்கள் என்பது அந்த நோட்டிலேயே தெரிகிறது. மிஸ்டில் பை கிடையாது, சாமான் சேர்க்க முடியாது. அதிகபட்சம் கையில் ஒரு காகிதத் தாள், அவ்வளவுதான். அட்வெஞ்சரின் புதிர்ப்பாதை மாதிரி இதிலும் ஒன்று வருகிறது, பூமிக்கடியில் ஓடும் ஒரு வண்டியில். ஆனால் அடையாளத்துக்குப் போட கையில் ஒன்றுமில்லை. வண்டி நிற்கும் இடத்தில் எல்லாம் ஒரு சத்தம் கேட்கும். வேறொரு உலகத்தில் ஒரு கோட்டையைச் சுழற்றும்போது திசைக்கு ஒரு சத்தம் கேட்டிருப்போம். அதை ஞாபகம் வைத்திருந்தவன் வண்டியை நேரே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். (முப்பது வருடம் தாண்டிய விளையாட்டு, ஆகவே சொன்னால் தப்பில்லை.) காது கேளாதவர்கள் இதை எப்படி ஆடுவார்கள் என்று மில்லர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அது பெரிய குறை என்பது என் கட்சி.

இன்னொன்று. மிஸ்டின் கடைசிக் கதவு முதல் நிமிடத்திலிருந்தே திறக்கத் தயாராக இருக்கிறது. செய்ய வேண்டியது தெரிந்தவர் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆட்டத்தை முடித்துவிடலாம். தெரியாதவருக்கு அது தெரிய ஒரு மாதம் ஆகும்.

மிஸ்ட் ஓடிய ஓட்டத்தில் விடைப் புத்தகங்களும் ஓடின. அடுத்து 1997-ல், ஐந்து சி.டி.களில் 'ரிவன்' வந்தது. என்னைக் கேட்டால் இந்த வம்சத்தின் மூத்த மாப்பிள்ளை இதுதான். அங்கே ஒரு பள்ளிக்கூட அறை. அதில் ஒரு பொம்மை. கயிற்றில் தொங்கும் மனிதன், கீழே வாயைப் பிளந்துகொண்டு ஒரு கடல் மிருகம். பொம்மையை இயக்கினால் ஒரு குறி தோன்றும், மனிதன் சில படிகள் கீழே இறங்குவான். எத்தனை படி என்று எண்ணினால் அந்தக் குறி என்ன எண் என்று தெரிந்துவிடும். (எண் சொல்லித்தர மிருகத்தைக் காட்டும் வாத்தியார்! நம்மூரில் பிரம்போடு விட்டார்கள்.)

ஆனால் பொம்மை 10 வரைதான் காட்டும். வெளியே இருக்கும் பூட்டுக்கோ 25 வரை தேவை. மீதியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தின் குறியை உற்றுப் பார்த்தால், அது ஒன்றின் குறியைக் கால்வட்டம் திருப்பி வைத்தது. ஆறு என்பது ஐந்தின் மேல் ஒன்றை வைத்தது. பத்து என்பது இரண்டைத் திருப்பியது. அப்படியானால் மூன்றைத் திருப்பினால் பதினைந்து, நாலைத் திருப்பினால் இருபது. பொம்மை சொல்லாத 24 வரை இப்படியே எழுதிவிடலாம். நமக்குப் பத்து எப்படியோ, அவர்களுக்கு இருபத்தைந்து. பி.காம். படித்தவனுக்கு எண்ணைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் சந்தோஷம் எல்லாம் ஒன்றாம் வகுப்போடு முடிந்தது என்று இருந்தேன், ரிவன் அதைத் திருப்பிக் கொடுத்தது.

விஷமம் எங்கே என்றால், அந்தப் பூட்டின் எண்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். அடுத்தவன் நோட்டைக் காப்பி அடித்துப் பிரயோஜனம் இல்லை. விடைப் புத்தகம் முறையைச் சொல்லித்தர முடியும், எண்ணைத் தர முடியாது.

நடுவில் பலர் வந்து போனார்கள், அவர்களைத் தாண்டிவிடுகிறேன். 2008-ல் 'பிரெய்ட்' என்ற விளையாட்டில் பணம் பார்த்த ஜொனாதன் ப்ளோ, அந்தப் பணத்தை எல்லாம் கொட்டி, கட்டடக் கலைஞர்களையும் நிலத்தோற்றக் கலைஞர்களையும் வைத்து ஒரு தீவு கட்டினார். 2016 ஜனவரி 26-ல் வந்த 'தி விட்னஸ்' அதுதான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுக்க வேண்டும். என்ன விதி என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. சுலபமான பலகைகள் ஏழெட்டு வரிசையாக நிற்கும், அவற்றைப் போட்டுப் பார்த்து விதியை ஊகிக்க வேண்டியது. கையில் தாள்கூடக் கிடையாது. புதிதாகக் கிடைப்பதெல்லாம் தலைக்குள்தான்.

இதை நானும் பையனும் சேர்ந்து ஆடினோம். சேர்ந்து என்றால், நான் குவாஹாத்தியில், அவன் திருச்சியில். டிசம்பரில் இங்கே நாலரைக்கே இருட்டிவிடும். பிராஞ்ச் முடிந்து ரூமுக்கு வந்தால் ராத்திரி ரொம்ப நீளம். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு. யூட்யூபில் தேடக் கூடாது, விடையைச் சொல்லக் கூடாது, எந்தப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லலாம் என்று ஒப்பந்தம். "அப்பா, சதுப்பு நிலம் வேண்டாம், இந்தக் கரைக்கு வாங்க" என்பான் போனில். மூன்று வாரம் நான் முட்டி நின்ற ஒரு பலகையை அவன் எப்போதோ முடித்திருந்தான். மூச்சு விடவில்லை பாருங்கள். அவன் அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "சொல்லித் தொலையேன்டா, பாவம் மனுஷன்" என்று பின்னால் குரல் கேட்கும். கிரௌதர் அந்தப் பெண் குழந்தைகளுக்காக உட்கார்ந்து ஃபோர்ட்ரான் தட்டியதை நினைத்துக்கொண்டேன்.

மிஸ்டின் குறும்பு விட்னஸிலும் தொடர்கிறது. நாம் புறப்படுகிற அந்த முதல் தோட்டத்தின் வாசலிலேயே ஒரு ரகசிய முடிவு ஒளிந்திருக்கிறது. எப்படி என்பதற்கு மாயமைதான் :-)

2024 ஜூனில் மில்லர்களின் கம்பெனி ரிவனைப் புதிதாக, முழுக்க நடந்து திரிகிற மாதிரி, மறுபடி கட்டி வெளியிட்டது. பல புதிர்களை மாற்றிவிட்டார்கள், பழைய நோட்டை வைத்துக்கொண்டு யாரும் சுலபமாக முடித்துவிடக் கூடாது என்று.  பையன் பரீட்சை முடிந்ததும் அதைத் தொடங்கப் போகிறானாம், என் பழைய நோட்டைக் கேட்கிறான். எண்கள் இருக்கும் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.