முகம் செதுக்கிய கைகள்

விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலப் படப் பத்திரிகைகளைப் புரட்டுவதில் எனக்கு அலுப்பே தோன்றுவதில்லை. மந்திரிகளும் தளபதிகளும் வரிசையாக வருவார்கள். அவர்கள் நடுவே, ராயல் அகாதமியில் இடம் பெற்ற ஓர் ஓவியரும் தாடியும் கோட்டுமாகக் காட்சி தருவார். அவருடைய ஓவியத்தை வாங்கச் சக்தியில்லாத குடும்பத்துக்கு அவர் முகமாவது கிடைத்தது. 1842-ல் ஹெர்பர்ட் இங்க்ராம் தொடங்கிய 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' பத்திரிகையின் விலை ஆறே பென்ஸ்தான்.

ஆனால் அந்த முகத்தை நமக்குக் கொடுத்தவர் யார்?

புகைப்படத்தை எழுத்துக்களோடு சேர்த்து அச்சிட அன்று வழியில்லை. ஆகவே அதைப் பார்த்து, பாக்ஸ் என்னும் கெட்டி மரத்தின் குறுக்குவெட்டில் ஒருவர் இடவலம் மாற்றி வரைவார். மை ஏற வேண்டிய கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி, மற்றதையெல்லாம் இன்னொருவர் சிற்றுளியால் செதுக்கி எடுப்பார். தாடியின் ஒவ்வொரு கறுப்பு இழைக்கும் இருபுறமும் வெட்டவேண்டும். கை தவறினால் ஓவியரின் மூக்கே போய்விடும்! பிறகு அந்தக் கட்டை, ஈய எழுத்துக்களோடு ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு அச்சேறும்.

பாக்ஸ் மரம் அதிகம் பருக்காது. பெரிய படத்துக்குச் சிறு கட்டைகளைத் திருகாணி போட்டு இணைப்பார்கள். அவசரமென்றால் அவற்றைக் கழற்றி ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் மறுபடி சேர்ப்பார்கள்.

செதுக்கச் செதுக்க, கட்டையில் வரைந்த சித்திரம் அழிந்துபோகும். 1857-ல் வெளியான டென்னிஸன் கவிதைப் பதிப்புக்குப் படம் வரைந்த ராஸெட்டி, டால்ஸியல் சகோதரர்களின் செதுக்கல் கண்டு நொந்து, கேலிப் பாட்டே எழுதினார். அவருடைய கோபம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் கோபத்தைச் சொல்லப் பேனா இருந்தது. டால்ஸியல் பட்டறையில் குனிந்து உழைத்தவர்கள் பலர். படத்தின் மூலையில் இருந்ததோ 'டால்ஸியல்' என்ற ஒரே பெயர்தான்.

லிண்டன் போன்ற சிலரே தம் பெயரை நிலைநாட்டினார்கள். குடியரசுவாதியும் கவிஞருமான அவர், 1889-ல் மரச்செதுக்குக் கலைஞர்களைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார். அதற்குள் அந்தத் தொழிலுக்கே அந்திவேளை வந்துவிட்டது. புகைப்படத்தைப் புள்ளிகளாக மாற்றி அச்சிடும் 'ஹாஃப்டோன்' முறை பரவியதும், 1890-களில் உளிகள் ஓய்ந்தன.

ஓர் ஓவியரின் முகம் பிழைத்திருக்க இன்னொரு கலைஞர் கண் நோக உழைத்தார். அவருக்கும் ஒரு முகம் இருந்திருக்கும். அதை யாரும் செதுக்கவில்லை. அத்தகைய படம் உங்கள் கண்ணில் பட்டால், தாடிக்காரரைப் பார்த்த பிறகு, அந்தத் தாடியின் இழைகளையும் சற்றே நின்று பாருங்கள்.