பசளை இல்லாத போகமும் 1972இல் தொடங்கிய நிறுவகமும்

2021 பெரும்போகத்தை எங்கட வீடுகளில் யாரும் மறக்கவில்லை. கல்முனை, சம்மாந்துறை வட்டைகளில் யூரியா இல்லாமல் வேளாண்மை மஞ்சளிச்சுப் போய் நின்றது. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து வர்த்தமானி வந்திச்சு. நவம்பரில் அந்தத் தடையை எடுத்தார்கள். அதற்குள் போகம் தொடங்கிவிட்டது.

அப்போது எங்களுக்குள் வந்த கேள்வி இதுதான்: இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்துச் சொல்ல அரசாங்கத்திடம் ஆக்கள் இல்லையா?

இருந்தார்கள். எந்த நெல்லை எப்படி வளர்ப்பது என்று ஆராய பத்தலகொட ஏற்கனவே இருந்தது. ஆனால் நெல் விலை, காணிக் குத்தகை, கடன், மானியம் ஆகியவை விவசாயியின் வாழ்க்கையை என்ன செய்கின்றன என்று யார் ஆராய்வது? அதற்காகத்தான் 1972இல், காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்த அதே ஆண்டில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம் உருவானது. அன்று விவசாய அமைச்சராக இருந்த ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயரை அது இன்று தாங்குகிறது.

அதன் பேர்போன வேலை நடந்தது எங்கட ஆற்றில்தான். கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆற்றின் இடதுகரை வாய்க்காலில், மேல்பக்கம் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைப்பக்கம் தமிழ் பேசும் விவசாயிகள். கடைக்குத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை. 1981இல் இந்த நிறுவகம் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இளம் பட்டதாரிகளை ஊர்களில் தங்க வைத்தது. அவர்கள் உத்தரவு போடவில்லை. விவசாயிகளிடம் கேட்டார்கள், எழுதினார்கள், வாய்க்கால் வாய்க்காலாகக் குழு அமைக்க உதவினார்கள். அந்த ஆண்டு குளத்தில் தண்ணீர் குறைவு. இருந்தும் மேல்பக்க விவசாயிகள் சிரமதானமாக வாய்க்காலைத் துப்புரவாக்கி, தண்ணீரை மிச்சம் பிடித்துக் கீழே விட்டார்கள்.

2021இலும் அந்த நிறுவகம் இருந்தது. நாட்டின் விவசாயப் பொருளியலாளர்களும் தடையின் விளைவை எச்சரித்தார்கள். ஆனால் முடிவு முதலில் வந்தது, ஆய்வு பின்னால் ஓடியது. நிறுவகம் கட்டுவதும் ஆக்களைப் படிப்பிப்பதும் பாதி வேலைதான் என்று நாங்கள் நினைக்கிறோம். முடிவெடுக்க முதல் அவர்களிடம் கேட்பது மற்றப் பாதி.

1981இல் வரம்பில் நின்றவர்களும் எங்களைப் போல படிச்சு வெளிய வந்த பிள்ளைகள்தான். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனால் வாப்பாவிடம் ஒரு ஏக்கர் செலவைக் கேட்டு எழுதிப் பார்ப்போம். எங்கட வட்டையின் கணக்கு எங்கட கையிலும் இருக்கட்டும்.