தோளில் வந்த சோறு: நாசி கண்டாரும் நம்ம காவடியும்



பினாங்குன்னு சொன்னா மலேசியா முழுக்க பலருக்கும் முதல்ல ஞாபகம் வருவது நாசி கண்டார். 'நாசி' என்றால் மலாயில் சோறு. சரி, 'கண்டார்'? அது கறியின் பேரும் இல்ல, மசாலா பேரும் இல்ல. இரண்டு முனையிலும் சுமையைக் கட்டி, தோளில் வைத்துத் தூக்கிப் போகும் கம்புதான் கண்டார். இதுக்குத் தமிழில் என்ன பேர்? காவடி! சிவகிரி, சக்திகிரி இரண்டையும் இடும்பன் கட்டித் தூக்கினானே, அதே அமைப்பு.

1786-இல் ஆங்கிலேயர் இந்தத் தீவில் துறைமுகம் தொடங்கியதும், தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வணிகரும் கூலியாட்களும் வந்து சேர்ந்தார்கள். இந்துக்களும் வந்தார்கள், முஸ்லிம்களும் வந்தார்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801-இல் உருவானது. குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.

அந்தக் காலத்தில் கப்பல் சரக்கைத் தொங்காங் படகில் இறக்கி, கரையிலிருந்து கிட்டங்கிக்கு மூட்டை மூட்டையாய்ச் சுமக்கணும். அப்படி வேலை செய்தவனுக்கு ஆக்கித் தின்ன நேரம் ஏது? அவனைத் தேடி வந்தவர்கள்தான் தமிழ் முஸ்லிம் சோற்று வியாபாரிகள். வீட்டிலேயே சமைத்து, கம்பின் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை என்று தூக்கிக்கொண்டு வெல்ட் குவே பக்கம் நடந்தே வந்தார்கள். சில காசுக்கு வயிறு நிறையும். இரண்டு மூன்று குழம்பைக் கலந்து ஊற்றுவதை இன்றைக்கும் 'பஞ்சிர்' என்கிறோம். அதுக்கு மலாயில் வெள்ளம் என்று அர்த்தம். குழம்பு சோற்றையே மூழ்கடிக்கணும்!

பிறகு தள்ளுவண்டி வந்தது, காப்பிக்கடை மூலை வந்தது, உணவகம் வந்தது. கேம்பல் ஸ்திரீட் ஹமீடியா தன் தொடக்கம் 1907 என்று சொல்கிறது. கம்பு தெருவிலிருந்து மறைஞ்சு போச்சு, பேர் மட்டும் நிற்கிறது.

"அது அவங்க சாப்பாடு, நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். சைவமா அசைவமா என்பது அவரவர் விரதம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம். ஆனா அந்தச் சோற்றைச் சுமந்தவரும் தமிழர், அதைத் தின்று மூட்டை சுமந்தவர்களில் நம்ம பாட்டன்மாரும் உண்டு. ஒருத்தர் தோள் இன்னொருத்தர் பசியை ஆற்றியிருக்கு. அன்னதானப் பந்தியில் சோறு பரிமாறும் எங்களுக்கு இது அன்னியக் கதையாத் தெரியல.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி போகும்போது, பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்க. வீட்டில் துறைமுகத்தில் உழைத்த பெரியவங்க இருந்தா, அவங்க எங்கே தங்கினாங்க, என்ன சாப்பிட்டாங்க, எவ்வளவு காசு கொடுத்தாங்கன்னு உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்க. அவங்களோடு அந்த ஞாபகமும் போயிடக்கூடாது.

முருகன் துணை.