ராஜரத்தினத்துக்காகக் கடைந்த நாயனம்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற வழியில், ஆடுதுறையைத் தாண்டியதும் வருகிறது நரசிங்கம்பேட்டை. பஸ்ஸில் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடக்கூடிய சின்ன ஊர். அதை ஒட்டினாற்போல் திருவாவடுதுறை. ஓர் ஊரில் நாகஸ்வரம் கடைகிற ஆச்சாரிகள். இன்னொன்றில் ஆதீன மடம், மடத்தின் வித்வான்கள், நாயனத்தின் ஊதுநாக்கான சீவாளி கட்டுகிறவர்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ ஒரு கல்யாணத்தில் இன்று கெட்டிமேளம் கொட்டும்போது நாம் கேட்கிற நாயனத்தின் குரல், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையில்தான் பக்குவப்பட்டது.

அதற்கு முன் இருந்த குரல் வேறு. அது திமிரி நாயனம். நீளம் குறைவு, ஸ்ருதி உச்சம். கோயில் வாசலில் நின்று ஊதினால் நான்கு வீதிக்கும் கேட்க வேண்டும். சாமி புறப்பாட்டில் கூட்டத்தின் இரைச்சலைத் தாண்டி ஒலிக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் அந்தக் கூர்மை அவசியமாக இருந்தது. ஆனால் நாலு கட்டை ஸ்ருதிக்கு மேலே நின்றுகொண்டு ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விஸ்தாரம் செய்வது, வாசிப்பவருக்கும் சோதனை, கேட்பவருக்கும் சோதனை.

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சிறுவயதில் முதலில் கற்றது வாய்ப்பாட்டு. அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகஸ்வரப் பாடம் பிறகுதான். அவருடைய வாசிப்பை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி போதும். பாட்டுக்காரனின் காதோடு நாயனத்தைக் கையில் எடுத்தவர் அவர். தொண்டையில் வருகிற குழைவும் கார்வையும் குழலிலும் வர வேண்டும் என்று கேட்டார். நாகஸ்வரக்காரர் நின்றுதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கத்தை மறுத்து மேடையில் உட்கார்ந்து வாசித்தவருக்கு, மரபு தந்த நாயனத்தையும் மாற்றிக் கேட்கத் துணிவு இருந்தது.

காலமும் அவருக்குத் தோதாக அமைந்தது. 1938-ல் சென்னையிலும் 1939-ல் திருச்சியிலும் வானொலி நிலையங்கள் வந்தன. இசைத்தட்டு விற்றது. சபாக்களில் மைக் நின்றது. நான்கு வீதிக்குக் கேட்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தபோது ஸ்ருதியை இறக்க வழி பிறந்தது. சுமார் இரண்டரை அடி நீளமுள்ள பாரி நாயனம் மேலெழுந்தது. இரண்டு, இரண்டரைக் கட்டை ஸ்ருதி நிலைபெற்றது.

குழலை நீட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாது. பழைய நாயனத்தில் மத்தியம ஸ்வரம் சரியான இடத்தில் நிற்காது. சுத்த மத்தியமத்துக்கு மேலேறி, பிரதி மத்தியமத்தின் பக்கம் சாயும். வித்வான் உதட்டாலும் மூச்சாலும் அதைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ராஜரத்தினம் பிள்ளை என்றால் தோடி. தோடிக்கு வேண்டியது சுத்த மத்தியமம். அந்த ராகத்தில் அவர் நின்று நிதானித்த ஒவ்வொரு மத்தியமத்துக்குப் பின்னாலும் இந்தப் பிரயாசை இருந்திருக்கிறது.

அதைத் தீர்த்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. பிள்ளையின் கடைசி ஆண்டுகளில், 1950-களின் நடுவில், சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும் பாரி நாயனத்தை அவர் கடைந்து கொடுத்தார்.

அது எத்தனை கடினம் என்று புரிய நாயனத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உலவு என்கிற உடல்பகுதி ஆச்சா மரம். உள்துளை மேலே குறுகிக் கீழே விரியும். கடைசலில் மரத்தைச் சுழலவிட்டு, நீண்ட துரப்பணங்களால் அந்தத் துளையைப் போட வேண்டும். விரல் வைக்க ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே விரல் படாத ஐந்து துளைகள். அவற்றை மெழுகால் கொஞ்சம் அடைத்தும் திறந்தும் ஸ்ருதியைச் சரிசெய்வார்கள். அடியில் புனல் போன்ற அணசு, உச்சியில் உலோகக் கெண்டை, அதில் செருகும் சீவாளி. ஒரு துளையை இம்மி நகர்த்தினால் அந்த ஸ்வரம் மட்டும் மாறுவதில்லை, பக்கத்து ஸ்வரங்களும் அசைகின்றன. துளை, ஒலி கோருகிற இடத்தில் இருக்க வேண்டும். மனித விரல் எட்டுகிற இடத்திலும் இருக்க வேண்டும். ஜெர்மனியில் தியோபால்ட் போம் 1847-ல் புல்லாங்குழலைத் திருத்தி அமைத்தபோது, எட்டாத துளைகளை மூட உலோகச் சாவிகள் வைத்தார். நரசிங்கம்பேட்டையில் சாவி கிடையாது. விரலும் உளியும் காதும்தான்.

தஞ்சைச் சீமைக்கு இந்த மாதிரி வேலை புதிதும் அல்ல. பதினேழாம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணையில் 24 மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்டு, இன்றைய தஞ்சாவூர் வீணை உருவெடுத்தது. அந்த வீணைக்கு அரசர் பெயர் வழங்கியது. 1952-ல் அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனி ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரை வெளியிட்டு, கலைஞர் லெஸ் பால் பெயரையே அதற்கு வைத்தது. ஏறக்குறைய அதே ஆண்டுகளில் காவிரிக்கரையில் ஒரு மகாவித்வானுக்காகப் பிறந்த நாயனத்துக்கோ பாரி என்ற பொதுப்பெயர்தான். பிள்ளையின் தோடியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். அந்த மரத்தைக் கடைந்தவரைப் பற்றி எழுதியவர்கள் சொற்பம். ஒருவருக்காகச் செய்ததை நாகஸ்வர உலகம் முழுவதும் தனதாக்கிக்கொண்டது என்றால், அதைச் செய்த கைக்கும் பாதிப் புகழ் சேர வேண்டும்.

2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று அந்தத் தொழிலில் இருப்பவை சில குடும்பங்களே. ஆர்டர் வருகிறது, மரம்தான் பெரிய கவலை. நேற்று வெட்டிய ஆச்சா இதற்கு ஆகாது. வாசிப்பவரின் ஈர மூச்சு தினமும் உள்ளே போய்வரும். பச்சை மரம் நெளியும், வெடிக்கும். பல பத்தாண்டுகள் கூரைக்குக் கீழே காய்ந்து இறுகிய உத்தரமும் தூணும்தான் தாங்கும். அதனால் எங்காவது ஒரு பழைய ஓட்டு வீடு இடிபடுகிறது என்று கேள்விப்பட்டால், மரத்தை விலை பேசி வாங்கிவந்து பட்டறையில் சேர்க்கிறார்கள். பழைய வீடுகள் குறையக் குறைய மரத்தின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது.